கட்டமும் எழுத்தும்: லினக்ஸ் முனையத்தில் தமிழ் இடம்பெற்ற வரலாறு

முன்னுரை

கணித்தமிழ் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு செய்திகளிலேயே கருத்தைச் செலுத்தியுள்ளனர். ஒன்று குறியேற்றம், மற்றொன்று விசைப்பலகை. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த கருத்துப்போர்கள் அனைத்தும் இவ்விரண்டையே சுற்றி நிகழ்ந்தமையால் இவ்வாறு அமைந்தது எனலாம். ஆயின் ஓர் எழுத்துக்கு எந்த எண் என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரும், அவ்வெழுத்துக்குத் திரையில் எவ்வளவு இடம் என்னும் வினா எஞ்சியே நின்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் முனையத்தில் இவ்வினா இன்றளவும் முழுமையாகத் தீர்ந்திலது. தமிழ் உரைகளைத் தொகுத்து, சொல்லடைவு எடுத்து, வரிசைப்படுத்தி ஆய்வோருக்கு மிகவும் பயன்படும் கட்டளைகள் வாழும் இடம் முனையமே. ஆதலின் இவ்வினா நிரலாளருக்கு மட்டும் உரியதன்று.

முனையம் என்பது முதலில் ஒரு பொருளாக இருந்தது, பின்னரே நிரலாயிற்று. தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறியோடு கம்பியால் இணைந்த விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கருவியே முனையம். அக்கருவி வழக்கொழிந்தபின், அதன் நடத்தையை அப்படியே செய்துகாட்டும் மென்பொருள் அதன் இடத்திற்கு வந்தது. ஆங்கிலத்தில் டெர்மினல் எமுலேட்டர் எனப்படும் இதனை முனையப்போலி என வழங்கலாம். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று அதன் பணியைச் செய்வதையே இலக்கணிகளும் போலி என்றனர். பன்மொழி முனையப்போலிகளுள் ஒன்றாகிய எம்.எல்.டெர்ம் என்பதை லினக்ஸில் நிறுவி, தமிழுக்கு ஏற்ப அமைக்கும் முறையும், அம்முறையில் காணும் ஒவ்வொரு தெரிவுக்கும் பின்னுள்ள வரலாறும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

தொலைதட்டச்சு விட்டுச்சென்ற கட்டம்

யுனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றபோது, அதனோடு உரையாடப் பயன்பட்ட கருவி தொலைதட்டச்சுப் பொறியாகும். 1963-இல் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் பொறி ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டுமே தாளில் பதித்தது. ஒரு குறி வந்தால் ஓர் எழுத்து பதியும். பதிதலை ஓரிடம் வலப்புறம் நகரும். இதற்கு மேல் அப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. யுனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் முனையத்தைக் குறிக்கும் 'டிடிஒய்' என்னும் பெயர் அத்தொலைதட்டச்சின் சுருக்கமேயாகும்.

1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் திரைமுனையம் இவ்வமைப்பைத் தாளிலிருந்து கண்ணாடிக்கு மாற்றியது. ஒரு வரிக்கு 80 கட்டங்கள், திரைக்கு 24 வரிகள். எண்பது என்னும் எண்ணிக்கை ஐபிஎம் நிறுவனத்தின் 1928-ஆம் ஆண்டுத் துளையட்டையிலிருந்து வழிவழியாக வந்தது. விடி100 வேறொன்றையும் செய்தது. 'ஐந்தாம் வரியின் இருபதாம் கட்டத்திற்குச் செல்க' என்பது போன்ற கட்டளைகளைக் கணிப்பொறி முனையத்திற்கு அனுப்பும் முறை அதன் வழியாகப் பரவி நிலைபெற்றது. அதன்பின் எழுதப்பெற்ற உரைத்திருத்திகள், பட்டியல் நிரல்கள் யாவும் திரையைச் சதுரங்கப் பலகை போன்ற ஒன்றாகவே கருதின. ஒரு குறி ஒரு கட்டத்தை நிரப்பும் என்னும் நம்பிக்கை இவ்வாறு கருவியிலிருந்து நிரலுக்குள் புகுந்தது. இதுவே பின்வந்த இடர்கள் அனைத்திற்கும் வேர்.

1984-இல் எக்ஸ் சாளர அமைப்பும் அதனுடன் எக்ஸ்டெர்ம் என்னும் முனையப்போலியும் தோன்றின. லினக்ஸின் பிறப்பே ஒரு முனையப்போலியிலிருந்துதான் என்பது பலர் அறியாத செய்தி. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்தவாறே பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் கணிப்பொறியை அணுகுவதற்கெனத் தம் 386 கணிப்பொறியில் ஒரு முனைய நிரலை எழுதினார். அதற்குக் கோப்புகளைச் சேமிக்கும் திறன் வேண்டுமெனக் கருதி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போக, அது ஓர் இயங்குதளமாக வளர்ந்தது.

எழுத்துக்கு ஓரிடம் என்னும் இவ்வமைப்பு தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில், அழுத்தினால் குறி மட்டும் பதிந்து உருளை நகராமல் நிற்கும் விசைகள் இருந்தன. மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி வைக்க உருளை நகர வேண்டுவதில்லை என்பதை அவர் இரும்பில் செய்து காட்டினார். கணிப்பொறி முனையம் இத்தெளிவை அடைய நெடுங்காலமாயிற்று.

கீழையாசியர் கண்ட இரட்டைக் கட்டம்

கட்டத்தை முதலில் நெகிழ்த்தியவர் சப்பானியர். 1978-ஆம் ஆண்டின் சப்பானியத் தரப்பாடு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திர எழுத்துகளுக்கு ஈரெண்மிக் குறிகளை வகுத்தது. அவ்வெழுத்துகளை ஒரு கட்டத்துள் அடக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு கட்டங்கள் ஒதுக்கப்பெற்றன. இரண்டு பைட், இரண்டு கட்டம் என்னும் இவ்விணை தற்செயலாக அமைந்தாலும் நிரலாளருக்கு மிக எளிதாயிற்று. எக்ஸ்டெர்மை அடிப்படையாகக் கொண்டு சப்பானிய மொழிக்குக் கேடெர்ம், கொரிய மொழிக்கு ஹான்டெர்ம், சீன மொழிக்குச் சிஎக்ஸ்டெர்ம் என மொழிக்கொரு முனையப்போலி தோன்றியது.

இவ்வெற்றியின் எல்லையும் குறிக்கத்தக்கது. சீன எழுத்து எத்தனை கோடுகளைக் கொண்டதாயினும் ஒரு சதுரத்துள் நிற்பது. அண்டை எழுத்தைப் பொறுத்து உருமாறுவதில்லை. முன்பின் இடம் மாறுவதில்லை. ஆகவே கட்டத்தை இரட்டித்தால் போதுமானதாயிற்று. மெய்யோடு உயிர் ஏறி ஒன்றாகும் இந்திய எழுத்துகளுக்கு இத்தீர்வு பொருந்தவில்லை. கொகரத்தை ஒலிக்கும்போது ககரம் முன்னும் ஒகரம் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ககரம் நடுவே அமர்கிறது.

இந்தியாவில் உருவான முனையம்

இவ்விடரை வன்பொருளிலேயே தீர்க்கும் முயற்சி இந்தியாவில் முன்னரே நிகழ்ந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற ஆய்வின் பயனாக 1983-இல் தேவநாகரிக்கான ஒருங்கிணைந்த கணிப்பொறி முனையம் தில்லியில் கூடிய மூன்றாம் உலக இந்தி மாநாட்டில் காட்டப்பெற்றது. அதன் வளர்ச்சியே ஜிஸ்ட் தொழில்நுட்பம். 1988-இல் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம் அதனை ஏற்று, தனியாள் கணிப்பொறிகளில் செருகத்தக்க அட்டையாகப் பரப்பியது.

ஜிஸ்ட் அட்டையின் நுட்பம் இதுவே: ஆங்கிலத்திற்கென எழுதப்பெற்ற நிரல் குறிகளை வழக்கம்போலத் திரைக்கு அனுப்பும், அக்குறிகளை இடைமறித்து, மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து, உரிய வடிவத்தைத் திரையில் வரைவது அட்டையின் பொறுப்பு. தான் வங்காளத்திலோ தமிழிலோ எழுதிக்கொண்டிருப்பதை நிரல் அறியாது. இதற்கு அடிப்படையான இஸ்கி குறியேற்றம் 1991-இல் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 13194 எண்ணுள்ள தரப்பாடாயிற்று. பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்து, எந்த மொழிக்குரிய வடிவில் காட்டுவது என்பதைத் தனிக்குறியால் மாற்றிக்கொள்ளும் அமைப்பு அது. தமிழில் இல்லாத வல்லின வருக்கங்களுக்கும் இடம் ஒதுக்கப்பெற்றமையால் தமிழறிஞரிடையே அது வரவேற்பைப் பெறவில்லை. அக்குறை உண்மையே. எனினும் சேமிக்கும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு என்னும் பிரிப்பை முனையத்தின் நிலையிலேயே நடைமுறைப்படுத்திய பெருமை ஜிஸ்டுக்கு உரியது. கணித்தமிழ் வரலாற்றில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை.

திஸ்கியும் கட்டுப்பாட்டுக் குறிகளும்

இணையத்தின் வழி இணைந்த தமிழ் ஆர்வலர் 1997 முதல் கலந்துரையாடி உருவாக்கிய திஸ்கி முற்றிலும் வேறு வழியைப் பின்பற்றியது. அது வடிவங்களுக்கு எண் தந்தது. கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், புள்ளியேறிய மெய்க்கு ஓர் எண், உகர ஊகார உயிர்மெய்களுக்குத் தனித்தனி எண்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிக்கும் வரிசை. மொழியியல் நோக்கில் இது குறையுடையது. முனையத்தின் நோக்கில் மிக இயல்பானது. ஒரு பைட், ஒரு வடிவம், ஒரு கட்டம் என்னும் தொலைதட்டச்சின் விதிக்கு இது அப்படியே பொருந்தியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலில் திஸ்கியில் வெளிவந்தன. அவற்றைப் படிக்க, கொள்கையளவில், எக்ஸ்டெர்முக்குச் சம அகலமுள்ள ஒரு திஸ்கி எழுத்துருவைக் கொடுத்தாலே போதும்.

ஆனால் நடைமுறையில் ஒரு தடை குறுக்கிட்டது. எட்டுபிட் குறியேற்றத்தில் 128 முதல் 159 வரையுள்ள இடங்களைப் பன்னாட்டுத் தரப்பாடு கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் அவ்விடங்களில் அச்சாகும் குறிகளையே வைத்திருந்ததால் அங்கு இடர் எழவில்லை. 1983-ஆம் ஆண்டின் விடி220 முனையமும் அதனைப் பின்பற்றிய எக்ஸ்டெர்மும் அவற்றைக் கட்டளைகளாகவே ஏற்றன. திஸ்கியில் ஜகரம் 131, ஷகரம் 132, ஸகரம் 133, ஹகரம் 134 ஆகிய இடங்களில் அமைந்துள்ளன. முனையத்தின் மொழியில் 132 என்பது 'ஒரு வரி கீழிறங்குக' என்பதாகும். 133 என்பது 'அடுத்த வரியின் தொடக்கத்திற்குச் செல்க' என்பதாகும். எனவே இக்குறிகளை ஏற்கும் முனையத்தில் ஒரு திஸ்கிக் கோப்பைத் திறந்தால், ஷகரம் வருமிடத்தில் வரி படியிறங்கும். ஸகரம் வருமிடத்தில் வரி முறியும். சங்கப் பாடல்கள் ஓரளவு ஒழுங்காக நிற்க, வடசொல் மிகுந்த உரைநடை சிதறிப்போகும். தனித்தமிழ் இயக்கத்தார் அறிந்திருந்தால் இதனை ஒரு சான்றாகவே காட்டியிருக்கக்கூடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு டேம், டேப் ஆகிய இரு குறியேற்றங்களை ஏற்றது. இவையும் வடிவங்களுக்கு எண் தருவனவே. லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சி 2002-இல் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் அங்கிருந்து மீண்டும் திஸ்கிக்கும் மாற்றும் வசதியைப் பெற்றது. கொம்பை முதலில் படித்து, மெய்யெழுத்து வரும்வரை கையில் வைத்திருந்து, பின்னர் இடம்மாற்றி எழுதும் நுட்பம் அதில் அமைந்துள்ளது. பழைய திஸ்கிக் கோப்புகளை வைத்திருக்கும் ஆய்வாளர் எந்த லினக்ஸ் கணிப்பொறியிலும் 'ஐகான்வ்' என்னும் ஒரே கட்டளையால் அவற்றை மாற்றிக்கொள்ள இன்றும் இயல்கிறது.

ஒருங்குறியும் அகல அட்டவணையும்

1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அடுக்கே அதற்கு அடிப்படை. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யுடிஎஃப்-8 முறை, பழைய ஆங்கிலக் கோப்புகள் சிறிதும் மாறாதிருக்க, பிற எழுத்துகளைப் பல பைட்களால் குறித்தது. இம்முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்களைக் கொள்ளும். 2002-இல் ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 யுடிஎஃப்-8 முறையையே இயல்பாகக் கொண்டது. அதன்பின் பிற வழங்கல்களும் அவ்வழி சென்றன. குறியேற்றச் சிக்கல் லினக்ஸைப் பொறுத்தவரை ஏறத்தாழ அத்துடன் முடிந்தது.

கட்டச் சிக்கலோ அப்போதுதான் வெளிப்பட்டது. ஒவ்வொரு குறியெண்ணும் எத்தனை கட்டங்களைக் கொள்ளும் என்பதை நிரலும் முனையமும் ஒரே வகையாக அறிந்திருத்தல் வேண்டும். இதற்கெனச் 'சி' மொழியில் ஒரு செயற்கூறு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் குன் 2000-களின் தொடக்கத்தில் அதற்கு எழுதிய கட்டற்ற வடிவம் எக்ஸ்டெர்ம் முதலாகப் பல நிரல்களில் இடம்பெற்றது. அதன் விதி எளியது. கீழையாசிய அகன்ற எழுத்துகளுக்கு இரண்டு கட்டம், இடம்கொள்ளாச் சேர்குறி என ஒருங்குறி வகைப்படுத்தியவற்றிற்குச் சுழியம், எஞ்சியவற்றிற்கு ஒன்று. எந்தக் குறி எத்தனை கட்டம் கொள்ளும் என்பதற்கு முறையான தரப்பாடு ஏதுமில்லை என்பதை அவரே தம் நிரற்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

இவ்விதி தமிழில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை விரிவாக நோக்குதல் தகும். ஒருங்குறியில் புள்ளியும் ஈகாரக் குறியாகிய மேல்விலங்குச் சுழியும் இடம்கொள்ளாச் சேர்குறிகள். இகரக் குறியாகிய மேல்விலங்கோ இடம்கொள்ளும் சேர்குறி. கால், கொம்பு, இணைக்கொம்பு, உகர ஊகாரக் குறிகள் ஆகியனவும் அவ்வகையின. எனவே 'கீ' ஒரு கட்டத்தைக் கொள்ள, 'கி' இரண்டு கட்டங்களைக் கொள்கிறது. நெடில் குறுகிக் குறில் நீள்கிறது! 'நீதி' என்னும் ஈரெழுத்துச் சொல்லில் முதலெழுத்துக்கு ஒரு கட்டமும் இரண்டாமெழுத்துக்கு இரண்டு கட்டமும் கிடைக்கின்றன. 'கோயில்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து கட்டங்கள். இவற்றுள் 'கோ' என்பதற்குரியவை இரண்டே; வரையப்படும் வடிவங்களோ கொம்பு, ககரம், கால் என மூன்று. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதாமல் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதுவதையும் ஒருங்குறி ஏற்கிறது. இரண்டும் நிகரென்றே கூறுகிறது. அவ்வாறு பிரித்தால் அதே 'கோ' மூன்று கட்டங்களைக் கொள்ளும். கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரு சொற்கள் பட்டியலில் வெவ்வேறு நீளம் பெறுவதற்குக் காரணம் இதுவே.

லினக்ஸில் சொற்களை எண்ணும் 'டபிள்யூசி' என்னும் சிறு கட்டளை இந்நிலையை நன்கு காட்டும். 'தமிழ்' என்னும் சொல்லை, வரிமுறிவு நீங்கலாக, அதனிடம் கொடுத்தால் பைட் 15 என்றும், குறியெண் 5 என்றும், அகலம் 4 என்றும் மூன்று விடைகள் தரும். மூன்று என்னும் விடையைத் தருவதற்கு அதில் வழியில்லை. பள்ளி மாணவர் எவரும் சொல்லக்கூடிய விடை அது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டு அசையும் சீரும் வகுத்த ஒரு மரபின் நூல்களை ஆய்வதற்கு இக்கட்டளைகளைப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, சொல்லின் நீளம் பற்றிய அவர்தம் புள்ளிவிவரங்கள் பிழைபடும். எழுத்தெண்ணிக்கை என அட்டவணையில் தரப்படுவது பல வேளைகளில் குறியெண் எண்ணிக்கையாகவே இருத்தல் கூடும்.

எம்.எல்.டெர்ம்

மொழிக்கொரு முனையம் என்னும் நிலையை மாற்றி, ஒரே முனையத்தில் பல எழுத்துகளையும் அவற்றின் இயல்போடு காட்டுதல் வேண்டும் என்னும் நோக்குடன் 2001-இல் சப்பானில் தொடங்கப்பெற்றது எம்.எல்.டெர்ம். இதனைத் தொடங்கி நெடுங்காலம் பேணிவருபவர் அராகி கென். கேடெர்ம் சென்ற வழியிலிருந்து இது ஓர் அடிப்படைக் கருத்தால் வேறுபட்டது. நிரல் அனுப்பும் வரியை ஏரண வரியாகவும், திரையில் தோன்றும் வரியைக் காட்சி வரியாகவும் இது தனித்தனியே வைத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவதற்கு மொழிக்கேற்ற மாற்றிகள் உண்டு. அரபு, எபிரேய எழுத்துகளை வலமிருந்து இடமாக அடுக்குவது ஒன்று. சப்பானிய, மங்கோலிய எழுத்துகளை மேலிருந்து கீழாக நிறுத்துவது ஒன்று. இந்திய எழுத்துகளைச் சேர்த்தும் இடம்மாற்றியும் வரைவது மற்றொன்று.

ஜிஸ்ட் அட்டை வன்பொருளில் செய்ததையே எம்.எல்.டெர்ம் மென்பொருளில் செய்கிறது என்பது இங்குப் பெறப்படும். இவ்வுறவு கருத்தளவில் மட்டும் நின்றதன்று. எம்.எல்.டெர்மின் குறியேற்றப் பட்டியலில் இஸ்கி-தமிழ், இஸ்கி-வங்காளம், இஸ்கி-தெலுங்கு எனத் தனித்தனித் தெரிவுகள் இடம்பெற்றுள்ளன. இந்தியாவில் வகுக்கப்பெற்ற தரப்பாடு சப்பானிய நிரலொன்றில் இடம்பெற்று நிலைத்தது. பின்னர் ஓப்பன்டைப் எழுத்துருக்கள் பரவியபோது, எழுத்துருவினுள்ளேயே உள்ள சேர்க்கை விதிகளைப் படித்து வடிவமைக்கும் ஆற்றலும் சேர்க்கப்பெற்றது. ஒருங்குறித் தமிழுக்கு இன்று பயன்படுவது இவ்வழியே.

நிறுவலும் அமைவும்

டெபியன், உபுண்டு ஆகிய வழங்கல்களில் எம்.எல்.டெர்ம் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. பொதி மேலாளரிடம் பெயரைக் கூறினால் நிறுவிவிடும். உள்ளீட்டு முறைகளுக்கான துணைப்பொதிகள் தனியே உள்ளன. அவற்றுள் எம்17என் நூலகத்திற்குரியதை நிறுவுதல் தமிழுக்கு நன்று. தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் அந்நூலகத்தின் தரவுப்பொதியில் அடங்கியுள்ளன. அந்நூலகமும் சப்பானில் உருவானதே.

நிறுவுமுன் கணிப்பொறியின் வட்டாரத் தெரிவு யுடிஎஃப்-8 முறையில் உள்ளதா என நோக்க வேண்டும். இல்லையேல் முனையம் எவ்வளவு திறனுடையதாயினும் நிரல்கள் பைட்களையே அனுப்பும். திரையில் வினாக்குறிகள் நிறையும். தமிழ்–இந்தியா என்னும் வட்டாரத்தைத் தெரிந்தால் கட்டளைகள் சொற்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கும். ஆங்கில வட்டாரத்தை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தலை மட்டும் தமிழுக்கு மாற்றுவதும் இயலும். அடைவு தொகுப்போர் பலருக்கு இதுவே போதும்.

அமைவுகளை இருவழியில் மாற்றலாம். கட்டுப்பாட்டு விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கியின் வலப்பொத்தானை அழுத்தினால் அமைவுச் சாளரம் திறக்கும். நிலையாக மாற்ற விரும்புவோர் தம் இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் எம்.எல்.டெர்ம் என்னும் மறைகோப்புறையிலுள்ள 'மெயின்' கோப்பில் எழுதலாம். குறியேற்றம் யுடிஎஃப்-8 என்றும், எழுத்துரு வரைபொறி நவீன முறையினது என்றும், ஓப்பன்டைப் வடிவமைப்பு உண்டு என்றும் அதில் குறித்தல் வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் கொம்பு மெய்யெழுத்தின் பின்னே நிற்கும். முனையத்தில் தமிழ் வராது என முடிவுகட்டிக் கைவிடுவதற்கு இதுவே போதுமான காரணமாகிவிடும்.

எழுத்துருக்களுக்குத் தனிக்கோப்பு உண்டு. ஒருங்குறியின் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் வேறோர் எழுத்துருவை அதில் வரையறுக்கலாம். பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதிக்கு லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்பதைக் குறித்து, ஆங்கிலத்திற்குச் சம அகல எழுத்துருவை விட்டுவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. ஆங்கில எழுத்துருவைச் சற்றுப் பெரிதாக்கினால் கட்டங்கள் அகலும். ணகர னகரங்கள் நெருக்குண்ணாமல் நிற்கும்.

இனி வருவது உண்மையான தெரிவு. எம்.எல்.டெர்மில் மாறகலக் கட்டம் என்னும் அமைவு ஒன்று உண்டு. அதனை இயக்கினால் ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய இயல்பான அகலத்தைப் பெறும். ரகரம் குறுகியும் ணைகாரம் அகன்றும் நிற்க, வரி அச்சிட்ட பக்கத்தைப் போலத் தோன்றும். தொடர்ச்சியான உரையைப் படிக்க இதுவே இனிது. ஆனால் சொல்லும் எண்ணிக்கையுமாகப் பத்தி பிரித்து அடுக்கிய பட்டியலைத் திறந்தால் பத்திகள் வளைந்து நெளியும். முழுத்திரை உரைத்திருத்தியில் சுட்டி நிற்குமிடமும் எழுத்து நிற்குமிடமும் கண்ணுக்குப் பொருந்தா. அமைவை நிறுத்தினால் பட்டியல் நேராகும். 'கி' என்பதன் பின்னே வெற்றிடமும் 'கோ' என்பதனுள் நெருக்கமும் தோன்றும். படிப்பதற்கு ஒன்று, கணக்கிடுவதற்கு மற்றொன்று என இரு அமைவுகளையும் வைத்துக்கொள்வதே இன்றுள்ள வழி.

சாளர அமைப்பே இல்லாத வெற்றுத் திரையில் நிலைமை இன்னும் இறுக்கமானது. லினக்ஸ் கருவகத்தின் உரைத்திரை 512 வடிவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. எழுத்துகளைச் சேர்த்து வரையும் ஆற்றலும் அதற்கில்லை. அங்கும் இயங்கத்தக்க எம்.எல்.டெர்ம் வடிவம் ஒன்று உள்ளது. பழைய, திறன் குறைந்த கணிப்பொறிகளை வைத்திருக்கும் துறைகளுக்கு அது உதவக்கூடும்.

2010-க்குப் பின்

2010 சூன் திங்களில் தமிழக அரசு ஒருங்குறியையும், டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. டேஸ்16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் தருவது. அதனால் எழுத்தெண்ணிக்கை இடர் முற்றிலும் நீங்கும். 'தமிழ்' மூன்று குறியெண்களாகவே நிற்கும். எனினும் முனையத்தைப் பொறுத்தவரை அது மறுகோடிக்குச் செல்கிறது. ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அது அமைந்துள்ளமையால் அகல விதி ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டத்தைத் தரும். 'ர' என்பதற்கும் ஒரு கட்டம், 'ணௌ' என்பதற்கும் ஒரு கட்டம். எண்ணிக்கை சரியானால் அகலம் தவறுகிறது. குறியேற்றத்தை மாற்றுவதால் மட்டும் கட்டச் சிக்கல் தீராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அகலத்தைக் குறியெண்ணுக்கு வகுக்காமல், பயனர் ஓரெழுத்தெனக் கருதும் முழுத்தொகுதிக்கு வகுக்க வேண்டும் என்னும் கருத்து அண்மை ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. இதனை ஏற்ற சில புதிய முனையப்போலிகள் தோன்றியுள்ளன. 2023-இல் ஒருங்குறித் தொழில்நுட்பக் குழுவிடமே, முனையங்களில் சிக்கலான எழுத்துமுறைகளைக் காட்டுவதற்கான முன்மொழிவு ஒன்று அளிக்கப்பெற்றது. அதில் இந்திய எழுத்துகளும் அரபு எழுத்தும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

முனையம் தன்னளவில் திருந்துவது ஏன் போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தில்லியிலுள்ள ஆய்வாளர் ஒருவர் தம் மேசைக் கணிப்பொறியில் புதிய முனையத்தை நிறுவி, 'நீதி' இரண்டு கட்டங்களில் நிற்குமாறு அமைத்துக்கொண்டதாகக் கொள்வோம். அவர் தொலைவிலுள்ள வழங்கியொன்றில் நுழைந்து அங்குள்ள உரைத்திருத்தியைத் திறக்கிறார். அவ்வுரைத்திருத்தி கலந்தறிவது வழங்கியில் உள்ள அகல அட்டவணையையே; அது 'நீதி' மூன்று கட்டங்களைக் கொள்ளும் என்றே கருதும். சுட்டியை நான்காம் கட்டத்திற்கு அனுப்பும். அவர் அடுத்து அழுத்தும் எழுத்து, சொல்லுக்கும் தனக்குமிடையே ஒரு வெற்றிடம் விட்டு விழும். அழித்தால் வேறோர் எழுத்து அழிந்ததுபோலத் தோன்றும். கோப்போ உள்ளே சரியாகவே இருக்கும். இருமுனையிலும் ஒரே அட்டவணை இருந்தாலன்றி இது நீங்காது. அதனால்தான் எம்.எல்.டெர்மும் தன் ஏரண வரியில் மேல்விலங்குக்குரிய கட்டத்தைப் பழைய அட்டவணைப்படியே வைத்துக்கொண்டு, காட்சி வரியில் மட்டும் தமிழைத் தமிழாக வரைகிறது.